அம்மாவின் முகம்

சித்தப்பா 1988-ல் துபாயிலிருந்து கொண்டுவந்த போலராய்டு 600 கேமராவைப் போன மாசம் பரணிலிருந்து இறக்கினேன். கம்பெனி 2008-ல் ஃபிலிம் செய்வதை நிறுத்தியது. நெதர்லாந்திலிருந்த அதன் ஆலையைச் சிலர் எடுத்து நடத்தியதால் இன்றும் ஃபிலிம் கிடைக்கிறது. பாக்கெட்டுக்கு 8 படம். பேட்டரியும் அதற்குள்ளேயே. விலை சொன்னா அம்மா திட்டும்.

"கருப்பா விழுவேன்டா, வேணாம்" என்றது. டவுன் ஸ்டுடியோவில் அப்பாவோடு எடுத்த படத்தில் அது முகத்தில் பவுடரை அப்பியிருப்பார்கள். அந்த ஸ்டுடியோக்காரர் சேரிக்குள் காலெடுத்து வைக்கமாட்டார். இந்தக் கேமராவுக்கு அவர் தயவு வேண்டாம். அன்னைக்கு எங்களுக்கு அதுதான் பெருமை.

பின்னால்தான் படித்தேன். தென்னாப்பிரிக்காவில் கறுப்பர்கள் சுமந்த பாஸ் புத்தகத்துக்குப் படமெடுத்ததும் இதே கம்பெனியின் ஐடி-2 கேமராதான். ஃபிளாஷ் வெளிச்சத்தைக் கூட்ட அதில் தனிப் பொத்தான். கம்பெனியிலேயே வேலைபார்த்த கறுப்பர்கள் கரோலின் ஹன்டரும் கென் வில்லியம்சும் 1970-ல் எதிர்த்துக் கிளம்பினார்கள். ஹன்டருக்கு வேலை போனது. 1977-ல்தான் கம்பெனி அங்கிருந்து வெளியேறியது.

அம்மாவை வாசலில் உட்கார வைத்து அமுக்கினேன். வெளியே வந்த படத்தை வெளிச்சம் படாமல் கவிழ்த்து வைத்துக் கால் மணி நேரம் காத்திருந்தோம். வெக்கையில் லேசா மஞ்சள் பூத்திருந்தது. பவுடர் இல்லாத முகம். அம்மா ரொம்ப நேரம் பார்த்தது.

"எங்கம்மா மாதிரியே இருக்கேன்டா."

ஆயாவுக்குப் படமே கிடையாது.