கத்திரி வெயில்: சில குறிப்புகள்

மே 4 வாக்கில் கத்திரி பிறந்து 28 வாக்கில் கழியும் என்பது பஞ்சாங்கம். தஞ்சாவூரில் பங்குனியிலேயே வெயில் வந்து உட்கார்ந்துவிடுகிறது. மதியம் பெரிய கோயில் பிரகாரத்தில் செருப்பில்லாமல் நடந்து பாருங்கள், தெரியும்.

*

வானிலைத் துறைக் கணக்கில் வெப்ப அலை என்றால் சமவெளியில் குறைந்தது 40 டிகிரி, கடலோரத்தில் 37. அது நிழலில் வைத்த கருவி காட்டும் அளவு. வயலில் நிற்கிறவளுக்கு நிழல் ஏது? போதாக்குறைக்குப் புழுக்கம். வியர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் அது காயாமல் வழிந்துகொண்டே இருக்கும். 'வேலூரைவிட நமக்குக் குறைவுதான்' என்று தேறிக்கொள்வது தப்புக் கணக்கு.

*

உளுந்து பறிக்கிறவர்கள் விடியற்காலையிலேயே இறங்கிவிடுவார்கள். வெயில் ஏறினால் நெற்று வெடித்து மணி கொட்டிப்போகும். பயிருக்காக வந்த வழக்கம் ஆளையும் காப்பாற்றுகிறது. நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்குகிறவருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. லாரி வரும் நேரம்தான் அவருக்கு வேலை நேரம்.

*

'நிறையத் தண்ணீர் குடியுங்கள்.' எல்லா அறிவிப்பிலும் இதுதான் முதல் வரி. சம்பா அறுத்த பிறகு வயல்காடு வெட்டவெளி. பெண்கள் ஒதுங்க ஒரு மறைவு கிடையாது. அதனாலேயே வேலைக்குக் கிளம்பும்போதே தண்ணீரைக் குறைத்துக்கொள்கிறார்கள். அப்புறம் நீர்க்கடுப்பு, தலைச்சுற்றல். துண்டறிக்கை அச்சடிக்கும் செலவில் நாலு கீற்றுத் தட்டி வாங்கி ஒரு மறைப்புக் கட்டலாம்.

*

நீராகாரமும் உப்புப் போட்ட மோரும் நல்லவை. ஓ.ஆர்.எஸ். பெரிய பொட்டலத்தை ஒரு லிட்டர் தண்ணீரில் முழுசாகக் கரைக்க வேண்டும். டம்ளரில் கொஞ்சம் கொஞ்சமாகப் போடக்கூடாது. கட்சிக்காரர்களின் நீர்மோர்ப் பந்தலில் ஒரு வாரத்தில் பானை காய்ந்துவிடுகிறது, பேனர் மட்டும் ஆடிவரை நிற்கிறது.

*

தலைசுற்றல், குமட்டல், கெண்டைக்கால் பிடிப்பு வந்தால் நிழல், தண்ணீர், ஓய்வு. பேச்சு குழறி, ஆள் தெரியாமல், உடம்பு அனலாகக் கொதித்தால் 108-ஐ அழைக்க வேண்டும். வியர்க்கிறதே என்று சும்மா இருக்கக் கூடாது. உழைக்கிறவர்களுக்கு வெப்பத்தாக்கு வியர்த்தபடியேயும் வரும். வண்டி வரும்வரை காத்திருக்காமல் மேலெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிற வேண்டும். டெல்டாவில் கூப்பிடு தூரத்தில் ஒரு பம்புசெட் இருக்கும். நினைவில்லாதவர் வாயில் மட்டும் எதையும் ஊற்றாதீர்கள்.

*

2024 அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம். நல்ல காரியம்தான். ஆனால் வரப்பில் சாய்ந்தவரை 'மாரடைப்பு' என்று பேசி அன்றைக்கே எடுத்துவிடுகிற ஊரில் வெயில்தான் காரணம் என்று யார் எழுதி வாங்குவது?

*

ஆள் விட்டு வேலை வாங்குகிறவர்களுக்கு: விடிகாலையில் இறக்குங்கள், பதினோரு மணிக்குக் கரையேற்றுங்கள். கூலியில் கை வைக்காதீர்கள்.