ட்றீம்காஸ்ற் ஏன் தோற்றது?

விளையாட்டுப் பொறி ஒன்றை வாங்குபவன் உண்மையில் எதற்குப் பணங் கொடுக்கின்றான் என்ற வினா என்னை நெடுநாளாக ஈர்த்து வந்துள்ளது. அவன் கைக்கு வருவன ஒரு பெட்டியும் ஓரிரு வட்டுகளுமே. அடுத்த நான்கைந்து ஆண்டுகளில் வெளிவரப்போகும் விளையாட்டுகளை நம்பியே அவன் அப்பெட்டியை வீட்டுக்குக் கொண்டுசெல்கின்றான். விளையாட்டுகளை ஆக்குவோரோ, பொறி பல இல்லங்களிற் புகுந்த பின்னரே அதற்கென உழைக்க முன்வருவர். ஒருவர் மற்றவரைப் பார்த்து நிற்கும் இந்நிலையை உடைப்பதே புதிய பொறியைச் சந்தைக்குக் கொணரும் எந்நிறுவனத்துக்கும் முதற் சோதனையாகும்.

மாணவப் பருவத்தில் நண்பன் ஒருவனின் விடுதி அறையில், யப்பானிய நிறுவனமாகிய சேகாவின் ட்றீம்காஸ்ற் பொறியிற் பல இரவுகள் விளையாடியிருக்கின்றேன். அப்போதே அது கைவிடப்பட்ட பொறி. ஆயினும் அதன் படத் தெளிவும், தொலைபேசி வழியே பிறருடன் விளையாட உதவும் மோடம் உள்ளேயே அமைந்திருந்தமையும் எங்களை வியக்க வைத்தன. இத்துணைச் சிறந்த பொறி ஏன் தோற்றது? சோனியின் வலிமையே காரணம் என்பான் நண்பன். அவ்விடை எனக்கு இன்றும் நிறைவளிக்கவில்லை.

காரணத்தைச் சில ஆண்டுகள் முன்சென்று தேடவேண்டும் என்பது எனது கருத்து. 1994 நவம்பரில் சேகா தனது பழைய பொறியுடன் இணைக்கும் 32எக்ஸ் என்னும் துணைக் கருவியை அமெரிக்காவில் விற்றது. விரைவிலேயே அதனைக் கைவிட்டது. அடுத்து வந்தது சற்றர்ன். அமெரிக்காவில் அது 1995 செப்ரெம்பர் 2 ஆந் திகதி வெளிவரும் என அறிவிக்கப்பட்டிருந்தது. சோனியை முந்தும் ஆவலால், மே 11 ஆந் திகதி லொஸ் ஏஞ்சலிஸ் கண்காட்சியில், 399 டொலர் விலையில் அன்றே விற்பனைக்கு வந்துவிட்டதாகச் சேகா கூறியது. செப்ரெம்பரை எண்ணி உழைத்தவர்களின் விளையாட்டுகள் முடிவுறவில்லை. பொறி கிடைக்கப்பெறாத வணிகர்கள் சினந்தனர். கேபி ரோய்ஸ் நிறுவனம் சேகாவின் பொருள்களை விற்கவே மறுத்தது. அதே கண்காட்சியில் சோனியின் ஸ்ரீவ் றேஸ் மேடையேறி, '299' என்ற எண்ணை மட்டும் உரைத்து இறங்கினார். அவையோர் ஆரவாரித்தனர்.

ஆகவே, 1998 நவம்பர் 27 இல் ட்றீம்காஸ்ற் யப்பானில் வெளிவந்தபோது அதன் முன் நின்றவர்கள் ஏற்கனவே ஏமாந்தவர்கள். அங்கும் படத்தை ஆக்கும் சில்லு போதிய அளவில் உற்பத்தியாகாமையால், வாங்க வந்தோர் பலர் வெறுங்கையுடன் திரும்பினர். அமெரிக்காவில் 1999 செப்ரெம்பர் 9 இல், 199 டொலர் விலையில், தொடக்கம் மிகச் சிறப்பாகவே அமைந்தது. எனினும் விளையாட்டு வெளியீட்டாளருட் பெரியதாகிய எலெக்ரோனிக் ஆர்ட்ஸ் ஒரு விளையாட்டையேனும் அதற்குத் தரவில்லை. மேலும், சோனி தனது இரண்டாவது பிளேஸ்ரேசனை 1999 மார்ச்சிலேயே அறிவித்துவிட்டது. டிவிடி படங்களும் பழைய வட்டுகளும் அதில் இயங்கும் என்றறிந்தோர் காத்திருக்கத் துணிந்தனர். சோனியின் வாக்கை நம்பிப் பொறுத்திருப்பதே சேகாவின் கைப்பொருளை வாங்குவதிலும் பாதுகாப்பானதென அவர்களுக்குத் தோன்றிற்று!

இத்தொழிலிற் பொறியை அடக்க விலைக்கோ அதனினுங் குறைவாகவோ விற்று, ஒவ்வொரு விளையாட்டின் விற்பனையிலும் பெறும் பங்கினால் ஈடுசெய்வதே பெருவழக்கு. ட்றீம்காஸ்றின் வட்டுகளோ 2000 ஆம் ஆண்டு முதல் எளிதிற் பிரதி செய்யப்பட்டன. நண்பனின் பெட்டியிலிருந்த வட்டுகளுள் ஒன்றேனும் சேகா அச்சிட்டதன்று என்பதையும் இவ்விடத்திற் சொல்லிவைக்கலாம்.

2001 சனவரி 31 இல் ட்றீம்காஸ்றின் உற்பத்தியை நிறுத்தப்போவதாகச் சேகா அறிவித்தது. ஏறத்தாழ 90 இலட்சம் பொறிகளே விற்பனையாகியிருந்தன. நிறுவனத் தலைவர் இசாவோ ஒக்காவா, ஏறக்குறைய 70 கோடி டொலர் பெறுமதியான தமது பங்குகளை நிறுவனத்துக்கே வழங்கிவிட்டு, அவ்வாண்டு மார்ச்சிற் காலமானார். டிசம்பரில், சேகாவின் அடையாளமாக விளங்கிய நீல முள்ளெலி சொனிக், நெடுங்காலப் போட்டியாளராகிய நின்ரென்டோவின் பொறியில் ஓடத் தொடங்கிற்று.