நீட்டிய காலும் நில்லாத வண்டியும்

காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் இடையே கடலைக் கடத்தும் மிதவைக்கு எம்மவர் இட்ட பெயர் ‘பாதை’. யாழ்ப்பாணம் சென்று, பண்ணைப் பாலம் கடந்து, வேலணை வழியே சுற்றிவரின் ஏறத்தாழ 40 கிலோமீற்றர். பாதையில் ஏறினாலோ, கடற்கோட்டையைப் பார்த்து முடிப்பதற்குள் அக்கரை வந்துவிடும். காரைநகரிற் குடியிருந்து ஊர்காவற்றுறைப் பக்கத்துப் பள்ளியொன்றிற் கற்பிக்கும் நாம், நூறு சி.சி. மோட்டார்ச் சைக்கிளில் வந்து பாதையைப் பிடிப்பதே பல்லாண்டு வழக்கம்.

அவ்வழக்கத்துக்கு இடையூறாக வந்தது எமது வலது முழங்கால். கிணற்றடியில் வழுக்கி விழுந்ததில் மூட்டு இறுகிவிட்டது. சிறிய வண்டியின் கால்தாங்கி இருக்கைக்குச் சற்று முன்னே, கீழே இருப்பது. முழங்காலை நன்கு மடித்தாலன்றிப் பாதம் அதிற் பொருந்தாது.

“இஞ்சருங்கோ, உதை வித்துப்போட்டுப் பேசாமல் வீட்டிலை இருங்கோ,” என்றார் இல்லாள். ஓய்வுபெற நான்கு ஆண்டுகள் மீதமிருந்தன. பேருந்தில் சுற்றிப் போனால் மணியடித்த பின்பே பள்ளி சேரலாம். வகுப்பில் மாணவர் காத்திருக்க, ஆசிரியர் பிந்திவருவது எப்படி?

அமெரிக்க நாட்டுப் பெருவண்டிகள் சிலவற்றில், கால்களை நீட்டி நெடுந்தொலைவு செல்லும்பொருட்டு, மிதிகளை எஞ்சினுக்கு முன்பக்கமாக அமைப்பதுண்டு. பெரியதற்கு ஆகுமெனின் சிறியதற்கு ஏன் ஆகாது? ஊரிலுள்ள இரும்பொட்டும் பட்டறை முதியவரை நாடினோம். 1990ஆம் ஆண்டு ஆனியில் போர் மீண்டும் மூண்டு குடாநாட்டுக்குப் பெற்றோல் வரவு நின்றபோது, சில துளி பெற்றோலைக் காபுரேற்றருக்கு ஊட்டி எஞ்சினை எழுப்பி, பின்பு மண்ணெண்ணெயில் ஓடச்செய்த தலைமுறையினர் அவர். எமது விருப்பத்தைக் கேட்டதும் சிரிக்கவில்லை, அளவுநாடாவை எடுத்தார்.

சட்டத்தை அறுக்கவோ அதில் ஒட்டவோ கூடாதென்பது எமது நிபந்தனை. எஞ்சினுக்கு முன்னே இறங்கும் குழாயில் றப்பர்த் துண்டு சுற்றி, ‘யூ’ வடிவப் போல்ட்டுகளால் குறுக்குக் குழாயொன்றை இறுக்கினோம். ஒரே இடத்திற் பிடித்தால் மிதிக்குந்தோறும் அது சுழலும். ஆகவே எஞ்சினைத் தாங்கும் போல்ட்டுக்கு ஒரு துணைக்கம்பியும் கொடுத்தோம். கைப்பிடியை இருபுறமும் முற்றாகத் திருப்பி, முன்சில்லு காலில் உரசாதென்பதையும் பார்த்துக்கொண்டோம். வலக்காலை மாத்திரம் நீட்டினால் உடல் கோணும் என்பதால் இடப்புறக் கியர் மிதியும் முன்னே வந்தது. இணைப்புக்கம்பியின் ஒரு முனையை அச்சுக்கு மேலும் மறுமுனையை அச்சுக்குக் கீழும் மாட்டிவிட்டமையால், ஏற்றினால் இறங்கியும் இறக்கினால் ஏறியும் கியர் எம்மோடு விளையாடியது. அது அரைமணி நேரத்துத் திருத்தம்.

பிறேக்கில் நாம் செய்த பிழையோ அவ்வாறு எளிதில் முடியவில்லை. புதிய மிதியில் பாதம் படும் இடத்தை அச்சிலிருந்து 4 அங்குலத்திலும், கம்பி மாட்டும் துளையை 2 அங்குலத்திலும் வைத்திருந்தோம். வீட்டு முற்றத்தில் மெல்ல உருட்டியபோது வண்டி நின்றது; அத்துடன் மனம் நிறைந்துவிட்டது. கணிதம் கற்பிப்பவர் ஒருவர் நெம்புகோலை மறந்தார் என்று எழுத நாணமாகவே இருக்கிறது.

மறுநாட் காலை பாதையில் ஏறும் சரிவில் முழுப் பலத்தோடும் மிதித்தோம். வண்டி நிற்கவில்லை. இரும்புத் தளம் கடல்நீரில் நனைந்திருந்தது, அதற்கப்பால் கடல். கைப்பிறேக்கை இறுகப் பிடித்தோம். முன்சில்லு வழுக்கி, வண்டியோடு சாய்ந்து, மீன்பெட்டியொன்றில் மோதி நின்றோம்.

“மாஸ்ரர், எங்கை, கடலுக்கோ போறியள்?” என்று கேட்டபடியே மீன் வியாபாரி எம்மைத் தூக்கிவிட்டார். சிதறிய சூடை மீனைப் பொறுக்கியவர்களில் எமது மாணவர் இருவரும் இருந்தனர்.

அன்று மாலை பழைய மிதியை அளந்தோம். பாதத்துக்கு 5 அங்குலம், கம்பிக்கு 1 அங்குலம். அதாவது எமது பலத்தை அது ஐந்து மடங்காக்கிக் கொடுத்தது. நாம் செய்ததோ இரண்டு மடங்கு மாத்திரம். முதியவர் மிதியை நீட்டி, துளையை அச்சுக்கு அருகே கொண்டுவந்தார். மிதி முன்னிலும் கூடிய தூரம் இறங்குகிறது, ஆனால் சில்லு பிடிக்கிறது. கம்பியைத் தள்ளாமல் இழுக்கும்படியும் அமைத்தார். மெல்லிய நீண்ட கம்பி தள்ளுண்டால் வளையும், இழுபட்டால் வளையாது. “மாஸ்ரர், இனி வெறும் ஒழுங்கையிலை ஒரு கிழமை ஓடிப் பாருங்கோ, அதுக்குப் பிறகு கடற்கரைக்குப் போகலாம்,” என்றார். அந்த ஒரு கிழமையும் பேருந்தில் போய், பிந்தியே பள்ளி சேர்ந்தோம்.

உப்புக்காற்று ஒட்டிய இடங்களைத்தான் முதலில் தின்னும். ஆதலின் இரு வாரத்துக்கொருமுறை ஞாயிறு காலையில் நட்டுகளை இறுக்கி, துருவைச் சுரண்டி, செந்நிறப் பூச்சுப் பூசுகிறோம். மூட்டு நோவு நீங்கவில்லை. ஆயினும் வண்டியில் இருக்கும்போது அதனை மறந்துவிடுகிறோம். இல்லாளும் இப்பொழுது பின்னால் ஏறுகிறார், சரிவுக்கு முன்னே இறங்கி நடந்துவிடுவார். மீன் வியாபாரி மட்டும், தூரத்தே எம்மைக் கண்டவுடன், தம் பெட்டியைச் சற்றே ஓரத்துக்கு இழுத்துவைக்கிறார்.