அப்பாவும் பன் ஈஸ்ட்டும்

கலசப்பாக்கத்தில் எங்க அப்பாவுக்கு முப்பது வருஷம் தறி. பட்டுச் சேலை நெய்து நெய்து விரல் முட்டியெல்லாம் வீக்கம். எப்போதோ ஒரு டாக்டர் பத்து நாளைக்கு என்று எழுதிக் கொடுத்த பிரெட்னிசோலோன் சீட்டை வைத்துக்கொண்டு, மூணு வருஷம் மாத்திரை வாங்கிச் சாப்பிட்டிருக்கிறார் மனுஷர். வலி போச்சு. முகம் பௌர்ணமி மாதிரி உருண்டுகொண்டே வந்தது. 'பையன் சம்பாத்தியம்ல, பூரிச்சுட்டாரு' என்று தெருவே பேசியதில் எனக்குக் கொஞ்சம் பெருமை வேறு.

அப்புறம் ஒருநாள், ஸ்டீராய்டு ஆபத்து என்று எங்கோ அரைப் பக்கம் படித்தேன். பி.காம். படித்தவனுக்கு அது போதாதா? அன்றைக்கே மாத்திரைகளைச் சாக்கடையில் கொட்டினேன். மூன்றாம் நாள் அப்பா தறியிலேயே சரிந்துவிட்டார். வாந்தி. பிரஷர் பாதாளத்தில்.

வேலூர் டாக்டர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நிறுத்த நினைச்சது சரி சார். நிறுத்தின விதம்தான் தப்பு. கிட்னிக்கு மேல தொப்பி மாதிரி அட்ரினல் சுரப்பி இருக்கு. வெளியிலேர்ந்து சரக்கு வந்துட்டே இருந்தா அது கடையைச் சாத்திடும். கொஞ்சம் கொஞ்சமா குறைச்சாத்தான் மறுபடி திறக்கும்."

ஏற்றிய ஊசி ஹைட்ரோகார்டிசோன். அந்தச் சுரப்பி செய்யும் அதே சரக்கு. கண் திறந்ததும் அப்பா கேட்டது: "இதை எதுலேர்ந்துடா எடுக்கறாங்க?"

குற்ற உணர்ச்சியில் தேடித் தேடிப் படித்தேன். 1940-களில் இதன் பங்காளியான கார்டிசோனை மாட்டுப் பித்தத்திலிருந்து முப்பதுக்கும் மேற்பட்ட படிகளில் செய்தார்கள். பிறகு மெக்ஸிகோ காட்டுக் கிழங்கு வந்தது. 2003-ல் பிரெஞ்சு விஞ்ஞானிகள் ஈஸ்ட்டைப் பிடித்தார்கள். அது தன் தேவைக்கு ஏற்கெனவே ஸ்டீரால் செய்கிற ஜந்து. அந்த வேலையைத் திசை திருப்பி, பாலூட்டிகளின் எட்டுப் புரதங்களை உள்ளே உட்கார வைத்தார்கள். மொத்தம் 13 ஜீன்களில் கைவேலை. தீனி, சர்க்கரை மாதிரி எளிய சமாசாரம்தான்.

நம்ம ஆபீஸ் ஃபைல் கதைதான் சார். முதல் மேஜையில் ஸ்டீராலின் வாலை வெட்டுவார்கள். அடுத்தடுத்த மேஜைகளில் ஆளுக்கொரு ஆக்ஸிஜன் முத்திரை. கடைசி மேஜையில் ஹைட்ரோகார்டிசோன். ஆனால் ஈஸ்ட்டுக்குள் ஏ.டி.எஃப்.2 என்று ஒரு பழைய கிளார்க். பாதி வழியில் ஃபைலைப் பிடுங்கி, வேறு சீல் குத்தி மூலையில் போட்டுவிடுவார். அந்த ஜீனை முடக்கிய பிறகுதான் ஃபைல் ஒழுங்காக நகர்ந்தது. (நம்ம ஆபீஸில் நடக்கிற காரியமா?)

எல்லாவற்றையும் சொன்னேன். அப்பா யோசித்தார்.

"ஈஸ்ட்டுன்னா... பன்னுல போடுவாங்களே, அதுவா?"

"அதே ஜாதிதாம்பா. இது லேபில் மாத்தினது."

"அப்ப டீக்கடையில தினம் ரெண்டு பன் சாப்பிட்டா...?"

"வேலை செய்யாதுப்பா."

இப்போது மாத்திரைக்கு நான் நோட்டுப் போட்டிருக்கிறேன். டாக்டர் சொன்ன தேதிக்குச் சொன்ன அளவு குறையும். அப்பா தினமும் ராத்திரி கண்ணாடி போட்டுக்கொண்டு அந்த நோட்டை வாங்கி ஒருமுறை கூட்டிப் பார்க்கிறார். என் கணக்கில் அவருக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை.