தன் எடையைத் தானே சுமத்தல்

துறவு நெறியைச் சுட்ட மேலைநாட்டு மொழிகள் இன்றும் வழங்கும் சொல்லுக்கு மூலம் 'அஸ்கேசிஸ்' என்னும் கிரேக்கச் சொல். பாலைநிலத் துறவியர் அதனைக் கையாளும் முன்பே அது பயிற்சிக்கூடங்களில் புழங்கியது. ஓட்டக்காரரும் மல்லரும் குத்துச்சண்டை வீரரும் நாள்தோறும் மேற்கொண்ட பயிற்சிக்கு அதுவே பெயர். நோன்புக்கும் செபத்துக்கும் உரிய சொல்லைத் திருச்சபை விளையாட்டுக் களத்திலிருந்து எடுத்துக்கொண்டது என எண்ணும்போது, உடலைப் பற்றி நாம் கொண்டுள்ள தயக்கம் சற்றே விலகுகிறது.

திருத்தூதர் பவுலிடமும் இத்தயக்கம் இல்லை. கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் 9-ஆம் அதிகாரத்தில் அவர் ஓட்டப் பந்தயத்தையும் குத்துச்சண்டையையும் உவமை காட்டுகிறார். கொரிந்துக்கு அருகே இரண்டாண்டுக்கு ஒருமுறை இஸ்த்மிய விளையாட்டுகள் நடைபெற்று வந்தமையால், அந்நகர மக்களுக்கு இவ்வுவமைக்கு விளக்கவுரை தேவைப்பட்டிராது. தம் உடலைக் கட்டுக்குள் கொணர்வதைக் கூற அவர் தேர்ந்த வினைச்சொல், கண்ணுக்குக் கீழே குத்துதல் என்னும் பொருளுடையது. குருமடத்தில் இதனைச் சொல்லாராய்ச்சியாகவே படித்தோம். இதன் உட்பொருளை நமக்குக் காட்டியவர்கள் வேறு சிலர். வடசென்னைக் கடலோரப் பங்கு ஒன்றில் நாம் பணியாற்றிய ஆண்டுகளில், ஆலயத்தின் பின்புற மணல்வெளியில் அதிகாலையில் பயிற்சி செய்த இளைஞர்களே அவர்கள்.

வடசென்னைக்குக் குத்துச்சண்டை அயல் விளையாட்டு அன்று. சார்பட்டா, இடியாப்பர் எனப் பரம்பரைகளாக அங்கு வளர்ந்த கலை அது. 2021-இல் வெளிவந்த திரைப்படம் ஒன்றால் ஏனைய ஊராரும் அதனை அறிந்தனர். நம் பங்கு இளைஞரிடம் பளு தூக்கும் கருவிகள் எவையும் இல்லை. தண்டால், பஸ்கி, குறுக்குக் கம்பியில் தொங்கி மேலேறுதல், கயிறு தாண்டுதல் ஆகியவையே அவர்களது பயிற்சி. தன்னால் நூறு தண்டால் எடுக்க முடியும் என ஓர் இளைஞன் பெருமை பேசியபோது, அவர்களுடைய வாத்தியார் அவனை ஒரு கையை முதுகில் வைத்துக்கொண்டு ஒன்றே ஒன்று எடுக்கச் சொன்னார். அவன் பாதிவரை இறங்கினான், எழ முடியவில்லை. துறைமுகத்தில் மூட்டை சுமந்து முதுமை எய்திய அவ்வாத்தியாரிடம், பங்கின் சார்பில் பளு தூக்கும் கருவிகள் வாங்கித் தரலாமா எனக் கேட்டோம். அவர் சிரித்தார். "இரும்பக் கீழ போட்டுடலாம் ஃபாதர், ஒடம்ப எங்க போடறது?" என்றார்.

இக்கூற்றில் உடலியல் உண்மை ஒன்று அடங்கியுள்ளது. சாதாரணத் தண்டாலில் உடல் எடையின் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கையே கைகள் தாங்குகின்றன. அதனை ஐம்பது, நூறு என எளிதாகச் செய்யப் பழகியபின், தாக்குப்பிடிக்கும் ஆற்றல் வளருமேயன்றி வலிமை அதிகம் கூடாது. வலிமை கூட வேண்டுமாயின் கூட்ட வேண்டியது எண்ணிக்கையை அன்று, கடினத்தை. இரு கைக்குப் பதில் ஒரு கை. இரு காலில் அமர்ந்தெழுவதற்குப் பதில் ஒற்றைக்கால் பஸ்கி. சுவரில் கால் சார்த்தித் தலைகீழாக நின்று எடுக்கும் தண்டால். இவற்றுள் ஐந்தைச் செவ்வனே செய்ய வயிறும் முதுகும் இடுப்பும் ஒருங்கே உழைத்தாக வேண்டும். குத்துச்சண்டைக்கு வேண்டியதும் இவ்வொருமையே. குத்து கையில் பிறப்பதில்லை. பாதம் தரையை உந்துவதில் பிறந்து, இடுப்பின் திருப்பத்தில் வளர்ந்து, தோள் வழியே கைமுட்டியை அடைகிறது.

மேலும், குத்துச்சண்டை எடைப்பிரிவுகளால் ஆனது. உடல் பெருத்தால் வீரர் அடுத்த பிரிவுக்குத் தள்ளப்படுவார். ஆகவே தன் எடைக்கு எவ்வளவு வலிமை என்பதே கேள்வி. 2012-இல் லண்டன் ஒலிம்பிக்கில் பெண்கள் குத்துச்சண்டை முதன்முறையாக இடம்பெற்றது. 46, 48 கிலோ பிரிவுகளில் உலகப் பட்டங்கள் வென்றிருந்த மணிப்பூரின் மேரி கோம், அங்கிருந்த மிகக் குறைந்த பிரிவான 51 கிலோவில் மோத வேண்டியிருந்தது. தம்மினும் பெரிய உடலுடையோரை எதிர்கொண்டு அவர் வெண்கலப் பதக்கம் பெற்றார்.

ஒரு நாள், நூறு தண்டால் எடுத்த அவ்விளைஞனின் தாய் நம்மிடம் வந்தார். மீன் விற்றுப் பிள்ளைகளை வளர்த்த கைம்பெண். "போட்டிக்குப் போறேன்றான் ஃபாதர். போலாமா வேணாமா, நீங்களே சொல்லுங்க" என்றார். எளிய விடை நம்மிடம் இல்லை. எதிராளியை நினைவிழக்கச் செய்வதும் வெற்றியாகக் கொள்ளப்படும் விளையாட்டை மனித மாண்போடு எங்ஙனம் பொருத்துவது என அறநெறி இறையியலார் வினவுவது முறையே. தசையை வலுப்படுத்தப் பயிற்சிகள் உண்டு. மூளையை அடிக்கு எதிராக வலுப்படுத்தும் தண்டால் எதுவும் இல்லை. ஆயினும் ஒன்று தெளிவு. சோர்ந்தவனின் கைகள் தாழ்கின்றன. காவல் தாழ்ந்தவனின் தலையில் அடி விழுகிறது. ஆயத்தமற்ற உடலைக் களத்துக்கு அனுப்புவது அவ்வுடலை நமக்கு அளித்தவருக்கு எதிரான அநீதி. எனவே, வாத்தியார் கேட்கும் கடினப் பயிற்சிகளை அவன் முழுமையாக முடிக்கும்வரை போட்டி வேண்டாம் என்றும், தலையில் அடிபட்டால் மருத்துவர் இசைவின்றிக் களமிறங்கலாகாது என்றும் தாயிடமும் மகனிடமும் சொன்னோம்.

ஓராண்டு காத்திருந்தான். அவ்வாண்டில் அவனது பெருமைப் பேச்சு அடங்கியது. கடினப் பயிற்சியில் ஏமாற்ற யாருமில்லை. சுமையும் தானே, சுமப்பவனும் தானே. எழ முடிந்தால் எழுவான். முடியாவிடில், எதிராளி சொல்லுமுன் மணல்தரை அவனுக்கு உண்மையைச் சொல்லிவிடும். பின்னர் இரு போட்டிகளில் மோதினான். ஒன்றில் வென்றான், ஒன்றில் தோற்றான். அவ்விரு நாளும் தாய் அரங்குக்குச் செல்லவில்லை. ஆலயத்தில் செபமாலையோடு அமர்ந்திருந்தார். நாமும் உடன் அமர்ந்தோம். அவன் இன்று சிறுவருக்கு ஒற்றைக்கால் பஸ்கி கற்பிக்கிறான். எவனையும் அவசரமாகக் களமிறக்குவதில்லை.

புனித இஞ்ஞாசியார் தம் ஆன்மீகப் பயிற்சிகள் நூலின் தொடக்கத்திலேயே, நடத்தலும் ஓடுதலும் உடற்பயிற்சியாவது போல் ஆன்மாவுக்கும் பயிற்சிகள் உண்டு என விளக்குகிறார். ஆனால் பயிற்சி வேறு, வதை வேறு. தசைநாண்கள் தசைகளைவிட மெதுவாகவே வலுப்பெறுகின்றன. ஓய்வை மறுப்பவன் காயத்தையே அறுவடை செய்வான். தம் உடலைச் 'சகோதரன் கழுதை' என அழைத்துக் கடுமையாக நடத்திய புனித அசிசியாரும், இறுதியில் அதனிடம் மன்னிப்புக் கேட்டதாக மரபு கூறும்.

அன்பர்களே, தவக்காலந்தோறும் நாம் மேற்கொள்ளும் ஒறுத்தல்களை இவ்வெளிச்சத்தில் நோக்குவோம். புலால் தவிர்த்தலும் வழக்கமான செபங்களும் நம்மில் பலருக்கு நூறு தண்டாலாகிவிட்டன. பழகிவிட்டோம், எண்ணிக்கையும் சொல்வோம். அவை வேண்டும், தளராமல் நிற்க அவை உதவும். ஆயினும் நாம் வளர வேண்டுமெனில் எழ இயலாத ஒன்றை முயலவேண்டும். பல ஆண்டுகளாகப் பேசாத உடன்பிறந்தானின் வாசலுக்குச் செல்வது அத்தகையது. முதல் நாள் பாதித் தெரு வரைதான் கால்கள் போகும். மறுநாளும் புறப்படுவோம். அங்கே நாம் சுமந்து செல்ல வேண்டிய எடை நாமேயன்றி வேறில்லை.