கோல் நுனியில் இருந்த தேன்



இவ்வாரம் ஒரு வேதபகுதியோடு என்னுடைய தவறு ஒன்றையும் உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். இரண்டும் ஒன்றோடொன்று தொடர்புடையவை.

எனக்கு நீரிழிவு இருப்பது தெரியவந்து ஏழு ஆண்டுகள் ஆகின்றன. அன்றே தேநீரில் சர்க்கரையை நிறுத்தினேன். திருமண வீட்டு லட்டையும் கிறிஸ்துமஸ் கேக்கையும் விலக்கினேன். ஓசூரில் சிப்காட் பகுதியைச் சுற்றியுள்ள குடியிருப்புகளுக்கு வீடு சந்திக்கச் செல்லும்போதெல்லாம், "ஐயாவுக்குச் சர்க்கரை ஆகாது, மாம்பழ ஜூஸ் கொடுங்கள், பழந்தானே" என்பார்கள். நானும் அப்படியே நம்பினேன். ஒரு மாலையில் நான்கு வீடுகள் என்றால் நான்கு டம்ளர். வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம் முடிந்ததும் பேரீச்சம்பழமும் ஒரு பெரிய டம்ளர் பழச்சாறும். ஆண்டவர் படைத்த பழத்தில் தீங்கென்ன என்று யாராவது கேட்டால், நானே முதலில் ஆமென் சொல்லியிருப்பேன்.

சென்ற ஆண்டு மாம்பழப் பருவம் முடிந்தபின் இரத்தப் பரிசோதனை செய்தேன். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி அளவு 7.1இலிருந்து 8.6க்கு ஏறியிருந்தது. மருத்துவர் கடிந்துகொள்ளவில்லை. "எதையெல்லாம் விட்டீர்கள் என்று சொன்னீர்கள் ஐயா. எதையெல்லாம் குடிக்கிறீர்கள் என்று சொல்லவில்லையே" என்றார். இருபத்தைந்து ஆண்டுகள் பிரசங்கம் செய்தவனுக்கு அதற்கு விடை இல்லை.

வீட்டுக்கு வந்து, கடையில் வாங்கிய மாம்பழப் பானத்தின் புட்டியை என் மனைவி கையில் எடுத்துப் பின்புறத்துச் சிறிய எழுத்துகளை வாசித்தார்கள். நூறு மில்லி லிட்டருக்கு 13 கிராம் சர்க்கரை. அப்படியானால் ஒரு டம்ளரில், அதாவது 200 மில்லி லிட்டரில், 26 கிராம். உலக சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதல், சேர்க்கப்படும் சர்க்கரை நாளொன்றுக்கு 25 கிராமுக்குள், அதாவது ஏறத்தாழ ஆறு தேக்கரண்டிக்குள் இருப்பது நலம் என்கிறது. என்னுடைய ஒருநாள் அளவை முதல் வீட்டிலேயே நான் முடித்துவிட்டிருந்தேன்!

அதே வழிகாட்டுதலில் இன்னொரு செய்தியும் உண்டு. தேன், சர்க்கரைப் பாகு, பழச்சாறு ஆகியவற்றில் உள்ள சர்க்கரை அந்தக் கணக்கில் சேரும். முழுப் பழத்தில் உள்ளது சேராது. காரணம் எளியது. பழத்தை மென்று உண்ணும்போது அதன் நார்ச்சத்து சர்க்கரை இரத்தத்தில் கலப்பதைத் தாமதப்படுத்துகிறது. வயிறும் போதும் என்கிறது. ஒரே அமர்வில் மூன்று மாம்பழம் உண்பது கடினம். அவற்றைப் பிழிந்து குடிப்பதோ ஒரு நிமிட வேலை. வெல்லமும் நாட்டுச் சர்க்கரையும் நிறத்தில்தான் வேறு. நம் பகுதியின் கேழ்வரகுக் களியும் நல்ல உணவே. ஆனால் அதுவும் மாவுச்சத்துதான், உருண்டையின் அளவைக் கவனிக்க வேண்டும்.

ஆயினும் இதைவிடப் பெரிய பாடத்தை ஒரு வெள்ளிக்கிழமையில் கற்றேன். முந்தைய ஞாயிறு உபவாசத்தைக் குறித்து உருக்கமாகப் பிரசங்கித்திருந்தேன். அதைக் கேட்ட ஒரு சகோதரர், இரவுப் பணி முடித்து, வழக்கம்போல் காலையில் இன்சுலின் போட்டுக்கொண்டு, ஒன்றும் உண்ணாமல் ஆலயத்துக்கு வந்துவிட்டார். நண்பகலுக்கு முன் அவர் கைகள் நடுங்கின. சட்டை வியர்வையில் நனைந்தது. கேட்ட கேள்விக்கு மாறிப் பதில் சொன்னார். அதை ஆவியின் அசைவு என்று நினைத்தவர்களும் உண்டு. சபையில் செவிலியராயிருக்கும் சகோதரி ஒருவர் ஓடிவந்து அவர் விரலில் ஊசி குத்திப் பார்த்தார். சர்க்கரை அளவு 48. எழுபதுக்குக் கீழே போனாலே ஆபத்து. எனக்காக வைக்கப்பட்டிருந்த பழச்சாற்றில் அரை டம்ளரைக் குடிக்கக் கொடுத்தார். பதினைந்து நிமிடங்களில் சகோதரர் தெளிந்து, "என்ன ஆயிற்று ஐயா?" என்றார். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, நேரே மருத்துவமனைக்குத்தான் என்று அந்தச் சகோதரி பின்னர் எங்களுக்கு விளக்கினார்.

அன்றிரவு 1 சாமுவேல் 14ஆம் அதிகாரத்தை வாசித்தேன். சவுல் ராஜா, மாலைவரை ஒருவரும் உண்ணக்கூடாது என்று படைக்கு ஆணையிடுகிறார். ஜனங்கள் சோர்ந்துபோகிறார்கள். ஆணையை அறியாத யோனத்தான் கோலின் நுனியைத் தேன்கூட்டில் தோய்த்துச் சிறிது உண்ண, அவன் கண்கள் தெளிவடைகின்றன. மாலையானதும் பசித்திருந்த படையோ கொள்ளையின்மேல் பாய்ந்து, இறைச்சியை இரத்தத்தோடே உண்டு பாவத்துக்குள்ளாகிறது. செமினரியில் இப்பகுதியின்மேல் தேர்வு எழுதியவன் நான். சவுல் நான்தான் என்று அன்றுவரை எனக்குத் தெரியவில்லை. பிறருடைய உடலை விசாரியாமல் அவர்கள்மேல் உபவாசத்தைச் சுமத்தியதும் நான்; மாலையில் அளவின்றிப் பருகியதும் நான்.

ஒரே பழச்சாறு எனக்குத் தீங்காயிற்று, அவருக்கு மருந்தாயிற்று. நீதிமொழிகளின் 25ஆம் அதிகாரமும் தேனை விலக்கச் சொல்லவில்லை, அளவைத்தான் கற்பிக்கிறது.

அடுத்த ஞாயிறு பலிபீடத்துக்கு முன் நின்று அந்தச் சகோதரரிடமும் சபையிடமும் மன்னிப்புக் கேட்டேன். இன்சுலின் போடுகிறவர்களும், சர்க்கரையைத் தாழ்த்தும் மாத்திரை உண்பவர்களும் மருத்துவரைக் கேளாமல் உபவாசம் இருக்க வேண்டாம் என்று அறிவித்தோம். அவர்கள் உண்டு ஜெபிக்கட்டும், அதுவும் ஆராதனையே. ஜெப அறையில் இப்போது ஒரு குளுக்கோமீட்டர் இருக்கிறது.

பிரியமானவர்களே, 2023இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு, நம் தேசத்தில் பத்துக் கோடிக்கும் அதிகமானோர் நீரிழிவோடு வாழ்வதாகக் கூறுகிறது. உங்கள் வீட்டிலும் ஒருவர் இருக்கலாம். கிருஷ்ணகிரியின் மாந்தோப்புகள் நமக்கு ஆண்டவர் தந்த ஈவு. நான் மாம்பழத்தை விட்டுவிடவில்லை. பருவத்தில் முற்பகலில் அரைப் பழம், மென்று உண்கிறேன். அன்று சோற்றைச் சற்றுக் குறைக்கிறேன். இரண்டு மணி நேரம் கழித்து அளந்து பார்க்கிறேன். மற்ற நாட்களில் கொய்யா. வீடு சந்திப்பில் தண்ணீர் கேட்கிறேன். முதலில் சிலர் மனம் வருந்தினார்கள். இப்போது அவர்களும் தண்ணீர் குடிக்கிறார்கள். கடந்த மாதத்துப் பரிசோதனையில் 7.2. இன்னும் இறங்க வேண்டும்.

ஆண்டவரே, நீர் தந்த இனிமைக்காக நன்றி. அதன் அளவை அறியும் புத்தியையும், பிறர் உடலை விசாரிக்கும் அன்பையும் எங்களுக்குத் தாரும். இயேசுவின் நாமத்தில் ஜெபிக்கிறோம். ஆமென்.