கடலில் ஒரு கற்கோபுரம்

ஆஸ்திரேலியாவின் கீழ்க் கரையிலிருந்து சுமார் 600 கிலோ மீட்டர் கிழக்கே சென்றால் லார்ட் ஹவ் என்ற சின்னஞ்சிறு தீவு வரும். பசுமையான மலைகள், பனை இனத்து மரங்கள், வெண் மணற் கரை எல்லாம் உண்டு. ஆனால் நாம் அங்கே இறங்கப் போவதில்லை. இன்னும் 23 கிலோ மீட்டர் போக வேண்டும். அதோ, நடுக் கடலில் ஒரு கற்கோபுரம்! 1,800 அடிக்கு மேல் உயரம். பழைய எரிமலை ஒன்று தேய்ந்து மிஞ்சியிருக்கும் எலும்பு அது. பெயர் பால்ஸ் பிரமிட். படகை நிறுத்தத் துறை கிடையாது. கடற் பறவைகளைத் தவிர வேறு யாருக்கு இங்கே என்ன வேலை என்றுதான் தோன்றும்.

ஆனால், இந்தப் பாறையில்தான் ஓர் உயிரினம் ஏறத்தாழ 80 வருஷம் அஞ்ஞாத வாசம் செய்தது!

லார்ட் ஹவ் தீவில் முன்பு ஒரு வகைக் குச்சிப் பூச்சி ஏராளமாக இருந்தது. குச்சி என்றதும் ஈர்க்குச்சியை நினைத்து விடாதீர்கள். முக்கால் சாண் நீளம், விரல் பருமன், பளபளக்கும் கறுப்பு, இறக்கை கிடையாது. சிங்கி இறால் ஒன்று மரம் ஏறியது போல இருக்கும். தீவுவாசிகள் இதைத் தூண்டிலில் இரையாகக் குத்தி மீன் பிடித்தார்கள்.

1918-ல் மகாம்போ என்ற கப்பல் அங்கே தரை தட்டியது. கப்பலிலிருந்த எலிகள் கரையேறின. வந்தது வினை! பறக்கத் தெரியாத பூச்சி எங்கே ஓடும்? சில வருஷங்களுக்குள் தீவில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. இனமே அழிந்தது என்று முடிவு கட்டினார்கள்.

1964-ல் பால்ஸ் பிரமிடில் ஏற முயன்றவர்கள் செத்த பூச்சி ஒன்றைக் கண்டார்கள். 2001-ல் டேவிட் பிரிடெல், நிகோலஸ் கார்லைல் என்ற விஞ்ஞானிகள் ஒரு குழுவுடன் அங்கே போனார்கள். செங்குத்துச் சரிவில் ஒட்டி நின்ற புதர் ஒன்றின் அடியில் புத்தம் புதிய எச்சம் கிடந்தது. பூச்சி இரவில்தான் வெளிவரும் என்று ஊகித்து, கார்லைல் இன்னொருவருடன் இருட்டில் கைவிளக்கோடு மறுபடி ஏறினார். புதர் மேல் கன்னங்கரேலென்று, உயிரோடு இருந்தன பூச்சிகள்! எண்ணிப் பார்த்ததில் மொத்தம் தேறியவை சுமார் 24.

2003-ல் இரண்டு ஜதைகளைக் கொண்டு வந்தார்கள். ஒரு ஜதை சீக்கிரமே இறந்தது. மெல்போர்ன் மிருகக்காட்சி சாலைக்குப் போன ஜதைக்கு ஆதாம், ஏவாள் என்று பெயர். ஏவாளும் படுத்து விட்டாள்! பாட்ரிக் ஹோனன் என்ற பராமரிப்பாளர் சுண்ணாம்புச் சத்து கலந்த இனிப்பு நீரைச் சொட்டுச் சொட்டாகப் புகட்டினார். ஏவாள் பிழைத்தாள், இனமும் பிழைத்தது.

வளர்த்துப் பார்த்தபோதுதான் அதன் விசித்திரங்கள் தெரிந்தன. குஞ்சு பச்சைப் பசேலென்று இருக்கும், பகலிலேயே உலவும். வளர வளரக் கறுத்து, பகலில் ஒளிந்து கொள்ளும். தூங்கும்போது ஆண் தன் கால்களைப் பெண்ணின் மேல் போட்டு அணைத்துக் கொள்ளும். பூச்சிக்கும் தாம்பத்தியம்!

ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி இருந்தது. பொருட்காட்சி சாலையிலுள்ள பழைய பூச்சிகளுக்கும் பாறைப் பூச்சிகளுக்கும் தோற்றத்தில் வித்தியாசம் தெரிந்தது. அதுவேதானா இது? 2017-ல் மரபணுவைச் சோதித்து, அதுவேதான் என்று உறுதி செய்தார்கள். உருவம் ஏமாற்றினாலும் ரத்த பந்தம் பொய் சொல்லாதல்லவா?

2019-ல் லார்ட் ஹவ் தீவில் எலிகளைப் பூண்டோடு ஒழிக்கப் பெரு முயற்சி நடந்தது. பூச்சி பிறந்த வீடு திரும்ப அதுதான் முதற் படி. ஒரு கப்பல் சில நாளில் இறக்கி விட்டுப் போன வினையைத் தீர்க்க, மனிதர்களுக்கு நூறு வருஷம் பிடித்தது.